நான்காவது வாக்கியம்

உலகத்தில் நடந்த, நடக்கிற, இனி நடக்கப்போகிற எந்த விஷயத்தையும் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடலாம்; நான்காவது வாக்கியத்துக்குப் போகிறவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். தம்பி இதை விளையாட்டாகச் சொல்வதில்லை. பதினொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்துச் சேர்த்த ஞானம் அது. அவன் கம்பெனியின் சர்வீஸ் தாளில் மூன்றே கட்டங்கள்: கோளாறு, காரணம், செய்தது. கதவு மூடவில்லை. சென்சாரில் தூசி. துடைத்தேன். பன்னிரண்டு மாடிக்காரர்களின் மொத்தத் துயரமும் இதற்குள் அடங்கும்போது மற்றவர்களுடையது மட்டும் அடங்காமல் எங்கே போகும் என்பது அவன் கேள்வி.

இன்று காலை ஏழே முக்காலிலிருந்து அந்தக் கொள்கையை அவன் வாசலில் நின்று நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்தான். இடது கையால் வாடகை நாற்காலி ஒன்றை உதறி விரிப்பான். வலது கையை வந்தவர் பிடித்துக்கொள்வார்.

“எப்படிப்பா ஆச்சு?”

“நேத்து காலைல அஞ்சரை. மாரடைப்பு. டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

அவரை உட்காரவைத்துவிட்டு அடுத்த நாற்காலி, அடுத்த கை. பத்து பேருக்குப் பிறகு மூச்சு வாங்காமல் சொல்ல வந்துவிட்டது. இருபது பேருக்குப் பிறகு கேள்வி முடிவதற்குள் பதில் முடிந்திருந்தது.

வேலி ஓரமாக உட்கார்ந்து இதைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவனை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

“ஏன்டா, அவங்க ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. டிக்கெட் கிழிக்கிற மாதிரி கிழிச்சுக் குடுக்கற.”

“விஷயம் அவ்வளவுதான் பெரியப்பா.”

“முப்பத்தெட்டு வயசுப் பொண்ணு போயிருக்கா. விஷயம் அவ்வளவுதானா?”

“நாலாவதா என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க. சேர்த்துக்கறேன்.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “தண்ணி குடுத்தியா எல்லாருக்கும்?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே கூடத்தில் அக்கா படுத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரோ அவளைப் பற்றி ஏதோ கேட்டும் பதில் சொல்லாமல் இருந்தாள்.

அக்கா பத்து வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவள். முப்பத்திரண்டாவது வயதில் ஒரு திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முழுநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். ஏன் என்று தம்பி கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. பதில் நாற்பது நிமிடம் ஓடியது. அதில் அவள் ஏழாம் வகுப்பு வரைதான் வந்திருந்தாள்.

ஆய்வுப் பொருள், நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் தெருவிளக்கு ஏற்றுகிறவர்கள் நடத்திய வேலைநிறுத்தம். மாலையானால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறி விளக்கேற்றிய நாற்பத்தாறு பேர், ஒருநாள் ஏணிகளை நகராட்சி வாசலில் அடுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பதினோரு நாள் ஊர் இருட்டில் கிடந்தது. பிறகு அவர்களே திரும்பி வந்து ஏணிகளை எடுத்துக்கொண்டார்கள். தம்பியின் கணக்குப்படி இது மூன்று வாக்கியம்கூட வராது. அக்கா ஆறு வருடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வேலைநிறுத்தத்துக்கு ஆறரை மாதம் என்று அவன் வகுத்துக் காட்டினான். அவள் கோபப்படவில்லை, “அதுல இன்னும் முதல் நாளே வரலைடா” என்றாள்.

உண்மைதான். நான்கு அத்தியாயம் எழுதியிருந்தாள். முதல் அத்தியாயம் எண்ணெய். இரண்டாவது திரி. மூன்றாவது ஏணி, எந்த மரம், எத்தனை படி, விழுந்தவர்கள் யார் யார். நான்காவது நகராட்சி. அறுநூறு பக்கத்துக்கு மேல் ஆகியும் ஒருத்தன்கூட ஏணியைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு குறிப்பையும் உள்ளங்கை அகல அட்டையில் எழுதி, அடியில் சிவப்பு மையில் ‘இதற்கு முன்?’ என்று போட்டுவைப்பது அவள் வழக்கம். கேள்விக்குப் பதில் கிடைத்தால் அது அடுத்த அட்டை. அதன் அடியிலும் ‘இதற்கு முன்?’ இருக்கும். இப்படிப் பின்பக்கமாகவே நடந்து போகிறவள் எப்படி முனைவராக முடியும் என்று தம்பி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறான்.

வீட்டிலும் அதே கதைதான். “பால் வாங்கிட்டியா?” என்றால் ஆம் இல்லை வராது. “நேத்து அந்தக் கடைக்காரர் என்ன சொன்னார்னா” என்று தொடங்கும். காய்ச்சல் என்று ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போனான். “எத்தனை நாளா?” என்றார் டாக்டர். அக்கா போன மழைக்காலத்திலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அது ஒரு தற்காப்பு என்று தம்பிக்குப் பட்டது.

கூடத்தில் அம்மா அழவில்லை. அக்காவின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? உடம்புக்கு முடியலைன்னு, ஏதாவது?”

யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு அடுத்தவருக்காகக் காத்திருந்தாள்.

நேற்றுக் காலை, எல்லாம் முடிந்த பிறகு வந்த டாக்டர்தான் இதை ஆரம்பித்துவைத்தார். “ரெண்டு நாளா தோள் வலி, இடது கை வலின்னு ஏதாவது சொன்னாங்களாம்மா?” அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் மேஜையில், அட்டைகளுக்கு நடுவில், வலிக்குத் தடவுகிற களிம்பு ஒன்று புதிதாக இருந்தது. கால்வாசி தீர்ந்திருந்தது. ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, மகள் களிம்பு தடவியிருக்கிறாள், அம்மாவைத் தடவச் சொல்லவில்லை.

காரணம் தனக்குத் தெரியும் என்று அம்மா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சண்டை. “அந்த விளக்கெல்லாம் அணைஞ்சு நூறு வருஷமாச்சு. நீ ஏன் இன்னும் அதுக்கு எண்ணெய் ஊத்திட்டு உக்காந்திருக்க?” என்று அம்மா கேட்டுவிட்டாள். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தாள். அப்புறம் இரண்டு நாள் வீட்டில் ‘கதவைச் சாத்திக்க’, ‘வர்றேன்’ தவிரப் பேச்சில்லை. நேற்றிலிருந்து அம்மா இதை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். “எம்மேல கோவத்துல சொல்லாமயே போயிட்டா.”

தம்பியிடம் மட்டும் அந்தக் கேள்வியை அம்மா இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும், “இல்லம்மா” என்றான். அது ஒரு வாக்கியம்கூட இல்லை.

அவன் சட்டைப்பையில் இருந்த கைபேசியில், செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு, அக்கா என்று ஓர் அழைப்பு இருந்தது. நான்கு நிமிடம் பதினோரு விநாடி.

அப்போது அவன் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். மேலே லிஃப்ட் தொங்கியது. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

“தம்பி, அம்மாகிட்ட சொன்னா பயந்துடுவாங்க, அதான் உனக்குப் பண்றேன். விஷயம் என்னன்னா, எங்க ஆவணக் காப்பகத்துல மொத்தம் அஞ்சு அலமாரி இருக்கு இல்லையா…”

இந்த ஆரம்பம் அவனுக்குப் பழக்கம். நான்கு மாதம் முன்பும், ‘அம்மா பயந்துடுவாங்க’ என்றுதான் தொடங்கினாள். பத்தொன்பது நிமிடம் கழித்து, மூக்குக் கண்ணாடியை பஸ்ஸில் விட்டுவிட்டாள் என்பது தெரிய வந்தது. அதற்கு முன்பு ஒருமுறை, நூலக அட்டை. எனவே அவன் பதறவில்லை. காதைக் கொடுத்துவிட்டுக் கையை வேலையில் வைத்தான். ஐந்து அலமாரியில் இரண்டு, கூரை ஒழுகி மழைக்கு நனைந்தன. அங்கிருந்த ரெஜிஸ்டர்களையெல்லாம் மூன்றாவதில் ஏற்றினார்கள். அதனால் மூன்றாவதில் எல்லாம் இரட்டை வரிசை. அவளுக்கு வேண்டியது பின்வரிசையில், அடியில். உதவியாளர் சாப்பிடப் போயிருந்தார். ஏன் அந்த நேரத்தில் சாப்பிடப் போனார் என்பதற்கு ஒரு கிளைக்கதை. அவள் தனியாகவே இழுத்தாள்.

“ஒரு ரெஜிஸ்டர் எட்டுக் கிலோ இருக்கும்டா. அது ஏன் அவ்வளவு கனம்னா…”

“அக்கா, நான் குழிக்குள்ள நிக்கறேன். தலைக்கு மேல லிஃப்ட் தொங்குது. மூணு வரில சொல்ல முடியும்னா சொல்லு, இல்லைன்னா அப்புறம் பண்ணு.”

அக்கா சிரித்தாள். “சரி மூணுவரி, நீ வேலையைப் பாரு,” என்று வைத்துவிட்டாள். மூணுவரி என்பது அவனுக்கு அவள் வைத்த பெயர். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

நேற்று டாக்டர் தோள் என்றதும் அவனுக்கு மீதிக் கதை தானாக வந்து சேர்ந்தது. ரெஜிஸ்டரின் கனம், கனத்தால் தோள், தோளில் வலி. ரெஜிஸ்டர் தூக்கினதால்தான் வலி என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆய்வு மாணவியைத் தவிர யாருக்கு அப்படித் தோன்றும்? எட்டுக் கிலோவிலிருந்து தோளுக்கு வர அதிகம் போனால் இரண்டு வாக்கியம்தான் இருந்திருக்கும். அந்த இரண்டை முதலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவனுக்கு நேற்றிலிருந்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வலிக்குது என்று ஒரு சொல். அதற்கு எதற்கு ஐந்து அலமாரி?

பத்து மணிக்குப் பேராசிரியர் வந்தார். அக்காவின் நெறியாளர். ‘எங்க கைடு’ என்று அக்கா சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்குமே அவர் கைடு. மூன்றாவது அத்தியாயத்தைப் பதினான்கு மாதமாக மேஜையில் வைத்துக்கொண்டு படிக்காமல் இருக்கிறவர் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அக்கா அவர் அறைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டின் மேல் டீ டம்ளர் இருக்கும். “பரவால்ல, யூஸ் ஆகுது,” என்பாள்.

“எப்படி ஆச்சு?” என்றார்.

தம்பி மூன்று வாக்கியத்தையும் கொடுத்தான். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தார்.

“இந்த இழப்பை நாம பல தளங்கள்ல பார்க்க வேண்டியிருக்கு. முதல்ல, துறைக்கு…”

“சார், உள்ள போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன்.”

“ம்.” போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ஏணி அத்தியாயம். நேத்து நியூஸ் கேட்டதுக்கப்புறம்தான் எடுத்தேன். ஒரே மூச்சுல படிச்சேன்.”

தம்பி கீழே கிடந்த காலி டம்ளர் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தான்.

“ஒரு இடத்துலகூடப் பேனா வைக்க முடியல. ஒரு கமா மாத்த முடியல.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. அதான் வந்தேன்.”

அவரை நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று தம்பி ஆறு வருடமாகத் தயார் செய்து வைத்திருந்தான். இன்று அதற்குத் தோதான நாள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பதினான்கு மாதம் எங்கே, நாலு நிமிடம் பதினோரு விநாடி எங்கே என்று மனதுக்குள் நிறுத்துப் பார்த்தான். தராசுத் தட்டு எதிர்பார்த்த பக்கம் இறங்கவில்லை. “உக்காருங்க சார்,” என்று அவருக்கு ஒரு நாற்காலியை விரித்துப் போட்டான்.

கைடு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடிக்குறிப்பு வந்து சேர்ந்தான். அக்காவோடு ஒரே அறையில் ஆய்வு செய்கிற பையன். நிஜப் பெயர் என்ன என்று தம்பிக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதால் அக்கா வைத்த பெயர் அது. அக்காவின் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டில், குடை, அட்டைப்பெட்டி நிறைய அட்டைகள், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நேராகக் கூடத்துக்குள் போய் அம்மாவின் முன்னால் இறக்கிவைத்தான். தம்பி பின்னாலேயே போனான்.

அம்மா கேட்டாள். “உங்கிட்ட ஏதாவது சொன்னாளாப்பா?”

“எங்கிட்ட நேரடியா எதுவும் சொல்லலம்மா. நான் செவ்வாய்க்கிழமை துறைல இருந்தேன், அவங்க காப்பகத்துல இருந்தாங்க. ஆனா காப்பக உதவியாளர் எங்கிட்ட சொன்னது, அது நேத்து சொன்னது, அன்னைக்கு அக்கா நாலு மணிக்கே கிளம்பிட்டாங்களாம். ஆறு வருஷத்துல அவங்க மூடறதுக்கு முன்னாடி கிளம்பினதே இல்லைன்னும் சொன்னார். அதை நான் வருகைப் பதிவுலயும் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டேன்.”

“அப்படியா,” என்றாள் அம்மா.

“இன்னொண்ணு. இது அவரும் பார்க்கல, வாட்ச்மேன் சொன்னதா சொன்னார். மூணு மணி வாக்குல அக்கா மாடிப்படில உக்காந்து யார்கிட்டயோ போன் பேசிட்டிருந்தாங்களாம். இடது கையை மடியில வெச்சுக்கிட்டு.”

அம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். “யார்கிட்ட?”

“அதுக்கு ஆதாரம் இல்லம்மா.”

“யார்கிட்டன்னு தெரியுமாடா?” அம்மா இப்போது தம்பியைப் பார்த்தாள்.

தம்பி அட்டைப்பெட்டியைப் பார்த்தான். மேலே இருந்த அட்டையில், ‘விளக்கேற்றுவோர் இருவர் தோள் எலும்பு முறிவு’ என்று எழுதி, கீழே சிவப்பில் ‘இதற்கு முன்?’ என்றிருந்தது.

“தெரியலம்மா.”

“அவங்க போனைத் திறந்து பார்த்தா நேரம், எண், ரெண்டும் கிடைக்கும்,” என்றான் அடிக்குறிப்பு. உதவி செய்கிற முகம்.

“அது லாக் ஆகியிருக்கு.”

“பாஸ்வேர்டு வந்து, என் ஊகம்தான், வேலைநிறுத்தம் தொடங்கின தேதியா இருக்கலாம். அவங்க…”

“வண்டி வர்ற நேரமாச்சு,” என்றான் தம்பி. “வெளிய வா, ஒரு கை பிடிக்கணும்.”

வெளியே வந்ததும் அவனைச் சுவரோரமாக நிறுத்தினான். “உனக்கு ஒரு விஷயத்தைத் தெரியலைன்னு அப்படியே விட்டுட்டுப் போகவே வராதா?”

அடிக்குறிப்பு யோசித்தான். அந்தக் கேள்வியைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டான். “வராதுங்க,” என்றான். “நாங்க ரெண்டு பேரும் அதுக்குத்தானே சேர்ந்தோம்.” அதற்குப் பிறகு அவன் கண் கலங்கிவிட்டது. அவனைத் தேற்றுகிற வேலையும் தம்பிக்கு வந்து சேர்ந்தது.

வண்டி வந்தது. தூக்கினார்கள். அம்மா வாசல்வரை வந்தாள். அக்காவின் இடது தோள் பக்கம் போர்வை விலகியிருந்ததை இழுத்துவிட்டாள். பிறகு கூட்டத்தில் எதையோ தேடுகிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாருக்கு போன் செய்திருப்பாள் என்று பார்க்கிறாள் என்பது தம்பிக்கு மட்டும் புரிந்தது. ஒவ்வொரு முகத்தையும் விட்டுவிட்டு அவள் பார்வை அவனிடம் வந்தது. நிற்காமல் தாண்டிப் போனது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மின்தகன மேடை அலுவலகத்தில் ஒரு ஜன்னல், ஒரு குமாஸ்தா, ஒரு படிவம். தம்பிக்குப் படிவங்கள் பிடிக்கும். கட்டம் போட்டு, இதற்கு மேல் எழுதாதே என்று சொல்லிவிடுகிற எதுவும் நாகரிகமானது என்பது அவன் அபிப்பிராயம். பெயர், வயது, முகவரி என்று மளமளவென்று நிரப்பி நீட்டினான். குமாஸ்தா பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினார்.

“தொழில்னு கேட்டிருக்கு. மாணவின்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“வயசு முப்பத்தெட்டு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“ரெண்டுல எது தப்பு?”

இதே நகைச்சுவையைத் தம்பி ஆறு வருடமாகச் செய்து வந்திருக்கிறான், இதைவிட நன்றாகவே. ஆனால் இன்று வேறொருவர் வாயில் கேட்கும்போது ஒரு சிரிப்பும் அதில் இல்லை.

“ரெண்டும் சரி,” என்றான். “வரலாறு படிச்சாங்க. பல்கலைக்கழகத்துல. ஆறு வருஷமா. அதுக்கு முன்னாடி பத்து வருஷம் டீச்சரா இருந்தாங்க.”

பக்கத்தில் நின்ற பெரியப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

“எதுக்குங்க கதை. ஆசிரியைன்னு போடட்டுமா?”

“மாணவின்னே போடுங்க.”

குமாஸ்தா தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். இறப்புக்கான காரணம். கட்டம் சுண்டுவிரல் நீளம். ‘மாரடைப்பு’ என்று தம்பி ஏற்கெனவே எழுதியிருந்தான். இன்னும் பாதிக் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு அவன் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றான். பின்னால் வரிசையில் இருந்தவர் இருமினார். பெரியப்பா அவன் கையிலிருந்து பேனாவை மெல்ல எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மணி இரண்டு. கூட்டம் கலைந்திருந்தது. பெரியப்பா கூடத்தில் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். தம்பி முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அம்மா அக்காவின் அறையில் இருந்தாள்.

அது அறை என்பதைவிட அட்டைகளின் கிடங்கு. மேஜையில், கட்டிலில், ஜன்னல் விளிம்பில், தரையில், ரப்பர்பேண்டு போட்ட கட்டுகள். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவை பறக்காமல் இருக்க அக்கா ஒவ்வொரு கட்டின் மேலும் எதையாவது வைத்திருந்தாள். ஒரு பூட்டு, ஒரு கோப்பை, ஒரு செருப்பு. அம்மா கட்டில் ஓரத்தில் இருந்த இடைவெளியில் உட்கார்ந்து, ஒரு கட்டைப் பிரித்து, ஒவ்வொரு அட்டையாகப் படித்து, படித்ததை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் அம்மா அந்த அட்டைகளைத் தொட்டது துடைப்பதற்கு மட்டும்தான்.

“நாற்பத்தாறு பேராம்,” என்றாள் அம்மா, நிமிராமல். “பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கா. யாருக்கு எத்தனை பிள்ளைங்கன்னுகூட இருக்கு.”

“ம்.”

“இவ்வளவு கேட்டு எழுதத் தெரிஞ்சவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போயிட்டா பாரு. ஞாயித்துக்கிழமை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. விளக்கு அணைஞ்சுபோச்சுன்னு சொன்னேன்டா. அப்படியா ஒருத்தி சொல்லுவா.” இன்னொரு அட்டையைக் கவிழ்த்தாள். “அந்தக் கோவம்தான். வேறென்ன.”

தம்பி நிலைப்படியில் சாய்ந்து நின்றான். சொல்லாமல் இருந்துவிடலாம். போன் பூட்டியிருக்கிறது. அந்தப் பையனிடம் ஆதாரம் இல்லை. அம்மா இதை இப்படியே இன்னும் இருபது வருடம் சொல்லிக்கொண்டிருப்பாள், ஒவ்வொரு விருந்தாளியிடமும். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

“அம்மா.”

“என்ன?”

“செவ்வாய்க்கிழமை அக்கா எனக்குத்தான் போன் பண்ணினா. உங்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னு எனக்குப் பண்ணினா. நான் வேலையா இருக்கேன்னு முழுசா கேக்காம வெச்சுட்டேன்.”

மூன்று வாக்கியம். கோளாறு, காரணம், செய்தது. பதினொரு வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக அவன் எந்தத் தாளையும் நிரப்பியதில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கன்னத்தில் ஓர் அறை கிடைத்தாலும் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. கூடத்திலிருந்து பெரியப்பாவின் குறட்டை வந்தது.

“பயந்துடுவேன்னா சொன்னா?”

“ஆமா. அதுதான் முதல் வார்த்தை.”

“கோவம்னு சொல்லல.”

“உன்மேல கோவம்னு எதுவும் சொல்லல.”

அம்மா மடியிலிருந்த அட்டைகளை ஒன்றுசேர்த்துத் தட்டினாள். விளிம்புகள் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பத் தட்டினாள். பிறகு கேட்டாள்.

“அப்புறம் என்ன சொன்னா?”

“அதான்மா, தோள் வலியைத்தான் சொல்ல வந்திருப்பா. நான்தான்…”

“சொல்ல வந்ததைக் கேக்கல. என்ன சொன்னான்னு கேக்கறேன். அவ சொன்னபடி.”

தம்பி அறைக்குள் வந்தான். அக்காவின் நாற்காலியில் இருந்த கட்டுகளைத் தூக்கி, வைக்க இடமில்லாமல் கொஞ்சம் தடுமாறி, கடைசியில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யோசித்துப் பார்த்தபோது நான்கு நிமிடமும் அப்படியே இருந்தது. அவன் காதை மட்டும்தான் கொடுத்திருந்தான். காது ஒன்றையும் விடாமல் வாங்கிவைத்திருந்தது. மழை, ஒழுகின கூரை, இரட்டை வரிசை, உதவியாளர் சாப்பிடப் போன கிளைக்கதை. எதிலிருந்து எடுப்பது என்று தொண்டையைச் செருமினான்.

“அவங்க காப்பகத்துல மொத்தம் அஞ்சு அலமாரிம்மா,” என்றான். “இல்ல, இரு. அதுக்கு முன்னாடி அந்தக் கூரை எப்படி ஒழுக ஆரம்பிச்சுதுன்னா…”

அம்மா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.